பதினொரு பேர், ஒன்பது ஊர்: வீடுகளிலிருந்து இயங்கும் ஒரு கணக்கு அலுவலகத்தின் ஐந்தாண்டு அனுபவம்

பாளையங்கோட்டையில் சிறிய கணக்கு அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். பலசரக்குக் கடைகள், பாத்திரக் கடைகள், அரிசி ஆலைகள், மூன்று சிறிய கம்பெனிகள் என ஏறக்குறைய 140 பேருக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்துகொடுக்கிறோம். நாங்கள் 11 பேர். 2020 மார்ச் வரை 11 பேரும் ஒரே மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். இன்று என்னையும் சேர்த்து மூன்று பேர் மட்டுமே பாளையங்கோட்டையில் இருக்கிறோம். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், சங்கரன்கோவில், தென்காசி என ஊருக்கு ஒருவர் அவரவர் வீட்டில் வேலை பார்க்கிறார்கள். ஒருவர் திருமணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறார்.

பழைய அலுவலகத்தைவிட இந்த ஏற்பாடு நன்றாக நடக்கிறது. ஆனால் முதல் ஒன்றரை ஆண்டு மிக மோசமாக நடந்தது. ஊரடங்கில் வேறு வழியில்லாமல் கணினிகளை ஆட்டோவில் ஏற்றி வீடுகளுக்கு அனுப்பினோம். அதை வீட்டிலிருந்து வேலை என்று சொல்வதே தவறு. வேலை செய்யும் முறை மாறவே இல்லை, நாற்காலிகள்தான் இடம் மாறியிருந்தன.

எங்கள் தொழிலுக்கு மாதத்தில் மூன்று தேதிகள் முக்கியம். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் போக வேண்டும். 14ஆம் தேதி, கொள்முதலில் கட்டிய வரியில் எவ்வளவு கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் வரிவரவுப் பட்டியல் ஜிஎஸ்டி தளத்தில் வந்துவிடும். 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டி 3பி என்ற மாதக் கணக்குப் படிவத்தை முடிக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. தவறு எங்களுடையது என்றால் அந்தப் பணத்தை நாங்களே கட்டிவிடுவது வழக்கம். முன்பெல்லாம் இரண்டு மூன்று பேருக்காவது அப்படிக் கட்டாத மாதமே கிடையாது.

அது ஏன் என்பது அலுவலகம் சிதறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. எந்தக் கடையின் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது யாரோ ஒருவர் மனத்தில் இருந்தது, தாளில் இல்லை. ‘மேலப்பாளையம் கடை முடிந்துவிட்டதா?’ என்று மாடியில் நின்று குரல் கொடுத்தால் பதில் வந்துவிடும். அதனால் எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆள் விடுப்பில் போன அன்று அந்தக் கணக்கும் விடுப்பில் போனது.

ஊரடங்கில் குரலுக்குப் பதிலாக வாட்ஸ்அப் வந்தது. பில் படங்கள், காலை வணக்கங்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே குழுவில் கலந்து கிடந்தன. ஒரு கொள்முதல் பில்லைத் தேட அரை மணி நேரம் ஆகும். 2021 பிற்பகுதியில்தான் உருப்படியான காரியம் ஒன்றைச் செய்தோம். கூகுள் ஷீட்டில் ஒரே பட்டியல். வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு வரி, யார் பொறுப்பு, எந்தப் படி வரை வந்திருக்கிறது, எதற்காக நிற்கிறது என்று மூன்று கட்டங்கள். ‘எதற்காக நிற்கிறது’ என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பான விதி. ‘வங்கி அறிக்கை வரவில்லை’, ‘கடைக்காரர் சென்னை போயிருக்கிறார்’ என்று ஒரு சொல்லோ ஒரு வரியோ போதும். காலை ஒன்பதரைக்கு நான் அந்தக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படிப்பேன். பத்து நிமிட வேலை. பழைய அலுவலகத்தில் இதைத் தெரிந்துகொள்ள நாள் முழுக்க மேசை மேசையாக நடப்பேன். அப்போதும் பாதிதான் தெரியும்.

அந்தக் கட்டம் இன்னொன்றையும் வெளியே கொண்டுவந்தது. தாமதத்துக்குப் பெரிய காரணம் எங்கள் ஆட்களின் வேகம் என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். மூன்று மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், மிக அதிகமாக எழுதப்பட்டிருந்த சொல் ‘ஓடிபி’. தாக்கலை முடிக்கக் கடைக்காரரின் கைபேசிக்குப் போகும் எண் வேண்டும். அவர் மதியம் தூங்கிக்கொண்டிருப்பார், அல்லது கல்லாவில் கூட்டம் இருக்கும். இப்போது 16ஆம் தேதியிலிருந்து மாலை நான்கு முதல் ஆறு வரை ஓடிபி நேரம் என்று எல்லாக் கடைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். ஊருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் தவறால் தாமதக் கட்டணம் கட்டியது ஒரே ஒரு முறை.

இடையில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு விற்பனைப் பிரதிநிதி சொன்னார் என்பதற்காக, சில நிமிடங்களுக்கு ஒரு முறை திரையைப் படம் பிடித்து, விசைப்பலகை அசைகிறதா என்று கணக்கெடுக்கும் மென்பொருளை இரண்டு மாதம் பயன்படுத்தினேன். சேரன்மகாதேவியில் இருக்கும் தங்கச்சிதான் எங்களில் பிழை குறைவாகச் செய்பவர். அந்த அறிக்கையில் அவருக்குத்தான் மிகக் குறைந்த மதிப்பெண். அவர் பில் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்ப்பவர். அந்த நேரமெல்லாம் ‘சும்மா இருந்தார்’ என்று பதிவாகியிருந்தது. “என்னை நம்பவில்லையா அண்ணாச்சி?” என்று கேட்டார். அன்றே அதை எடுத்துவிட்டேன். ஆட்களை நம்ப முடியாத ஒருவர் இந்த முறைக்கு வரவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பயண நேரம் மிச்சமாவதை எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மைதான். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்துபோக பஸ்ஸில் நாளுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. முன்பு நான்கு ஆண்டு பழகி, கணக்கின் நுணுக்கமெல்லாம் தெரிந்த பெண்கள் கல்யாணத்தோடு, இல்லையென்றால் முதல் பிள்ளையோடு நின்றுவிடுவார்கள். நான் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவேன். 2020க்குப் பிறகு அப்படி ஒருவர்கூட நிற்கவில்லை. கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர் இன்றும் எங்கள் வள்ளியூர்க் கடைகளின் கணக்கைப் பார்க்கிறார். சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்து நடந்து 2024இல் வெளிவந்த ஆய்வும், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொல்கிறது. என் சிறிய அனுபவத்துக்கு அது பொருந்துகிறது.

ஆனால் பெண்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது நம் ஊரில் எளிதல்ல. ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்ற ஒரு சொல் போதும், வேலைநேரம் கரைந்துவிடும். கல்லிடைக்குறிச்சி வீட்டில் இதுதான் நடந்தது. விருந்தாளி வந்தால் காபி, கியாஸ் வந்தால் கதவு, எல்லாவற்றுக்கும் மருமகளைத்தான் கூப்பிட்டார்கள். நான் நேரில் போனேன். மாமியார் காபி கொடுத்துவிட்டு, “இது என்ன வேலை தம்பி, நாள் பூரா பெட்டியைப் பார்த்துக்கொண்டு?” என்று கேட்டார். அம்பாசமுத்திரத்தில் நீங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையின் கணக்கை உங்கள் மருமகள்தான் எழுதுகிறாள், தேதி தவறினால் அந்தக் கடைக்கு அபராதம் விழும் என்று விளக்கினேன். அதன் பிறகு அந்த மாமியார் வாசலிலேயே ஆட்களை நிறுத்தி, “பிள்ளை ஆபீசில் இருக்கிறாள்” என்று சொல்லிவிடுகிறாராம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை போய் வருவதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். மேசை, நாற்காலி, இன்வெர்ட்டர், ஃபைபர் இணைப்பு எல்லாம் அலுவலகச் செலவு. வாடகை மூன்றில் ஒன்றாகக் குறைந்ததில் அதற்கு வழி பிறந்தது.

மின்தடையைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் எங்கள் மாடி முழுக்க இருண்டுவிடும், அன்றைய வேலை போச்சு. இப்போது ஒன்பது ஊருக்கும் துணைமின் நிலையங்கள் வேறு, தடை நாட்களும் வேறு. கோயில் கொடை விழாவும் ஊருக்கு ஊர் வேறு நாளில் வருகிறது. பங்குனி உத்திரத்துக்கு மட்டும் எல்லோரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். ஆண்டு முடிவு நெருக்கடியாக இருந்தாலும் அன்று முழு விடுமுறைதான்.

இந்தச் சிதறலின் உண்மையான பயனை 2023 டிசம்பரில் பார்த்தேன். 17, 18ஆம் தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி சந்திப்புப் பகுதியிலும் வண்ணார்பேட்டையிலும் வெள்ளம் புகுந்தது. எங்கள் வீட்டில் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. 20ஆம் தேதிக்கு இரண்டே நாள், 37 தாக்கல்கள் பாக்கி. யாரும் கேட்காமலே சங்கரன்கோவில் தம்பியும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் பட்டியலைப் பார்த்துப் பிரித்துக்கொண்டு 22 பேருடையதை முடித்துவிட்டார்கள். மீதி 15 பேரில் சிலரின் கடைகள் தண்ணீரில் கிடந்தன, சிலரின் கைபேசிகள் அணைந்திருந்தன. அவர்களிடம் வரிப்பணத்தைப் பற்றிப் பேசும் மனம் யாருக்கும் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்குக் கெடுவை ஜனவரி 10 வரை நீட்டித்து அறிவிப்பு வந்தது 2024 ஜனவரி 5ஆம் தேதி. பழையபடி எல்லோரும் அந்த மாடியை நம்பியிருந்தால் 37இல் ஒன்றும் நடந்திருக்காது.

இந்த முறையில் சரிவராதவை இரண்டு. முதலாவது, புதியவர்களைப் பழக்குவது. 2022இல் கல்லூரி முடித்த இருவரைச் சேர்த்து நேரடியாக வீட்டிலிருந்தே வேலை கொடுத்தேன். இருவரும் ஆறு மாதத்துக்குள் போய்விட்டார்கள். குறை அவர்களிடம் இல்லை. எங்கள் வேலை பாதி காதால் கற்பது. மூத்தவர் ஒரு கடைக்காரரிடம் எப்படிப் பேசி வங்கி அறிக்கையை வாங்குகிறார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்லித்தராது. சென்னையில் தரவு உள்ளீட்டு வேலைக்கு ஆட்களை எடுத்துச் சிலரை வீட்டிலும் சிலரை அலுவலகத்திலும் வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களின் உற்பத்தி 18 சதவீதம் குறைவு. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. அதைப் படித்தபோது அந்த இருவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது, மௌனம். நாங்குநேரித் தம்பியின் தந்தை மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. பட்டியலில் அவர் வரிகள் எல்லாம் ஒழுங்காக நகர்ந்தன, இரவில் விழித்து முடித்திருக்கிறார். ஒரே மாடியில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பேன். இதை இன்னும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இப்போது திங்கள், செவ்வாய் இரு நாளும் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு வீட்டு நலம் விசாரித்த பிறகுதான் வேலையைப் பேசுகிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, 20ஆம் தேதி தாண்டிய பிறகு, எல்லோரும் பாளையங்கோட்டையில் கூடிச் சேர்ந்து சாப்பிடுகிறோம். கோயம்புத்தூர்க்காரர் மட்டும் ஊருக்கு வரும் மாதங்களில் கலந்துகொள்கிறார்.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இயங்குகிறதே என்று நண்பர்கள் உதாரணம் காட்டுவார்கள். அது கிராமத்தில் இருக்கும் அலுவலகம், ஆட்கள் அங்கே கூடி வேலை பார்க்கிறார்கள். நாங்கள் செய்வது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாடியையும் முழுதாக விடவில்லை. கம்பெனிகளின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் அங்கே பூட்டில் இருக்கின்றன. மஞ்சள் பையில் பில்களோடு வரும் கடைக்காரர்களும் அங்கேதான் வருகிறார்கள், அவற்றை ஸ்கேன் செய்து ஏற்ற ஒருவர் இருக்கிறார். வாடிக்கையாளர்களின் தாள் எதுவும் வீடுகளுக்குப் போவதில்லை. சரிபார்க்க வேண்டுமானால் அச்சிட்ட நகலை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கிழித்துவிட வேண்டும்.

வருகிற ஜூனில் புதியவர்கள் இருவர் சேர்கிறார்கள். முதல் நான்கு மாதம் வாரத்தில் நான்கு நாள் மாடிக்கு வர வேண்டும் என்று சொல்லியே எடுத்திருக்கிறேன். அம்பாசமுத்திரத்து மூத்தவர் அந்த நாட்களில் வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பஸ் கட்டணமும் தனிப் படியும் உண்டு. ஜன்னலோரம் மூன்று மேசைகளைச் சேர்த்துப் போட்டிருக்கிறோம்.