மலையக ஈரத்தில் பழைய பாணி மரச் செஸ் காய்கள்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பழைய பாணி செஸ் செட் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கறுப்புக் காய் அசல் கருங்காலியாக இருக்க வேண்டுமா, சாயம் ஏற்றியது போதுமா என்றுதான். ஹட்டன் பக்கத்து மழையிலும் பனியிலும் இரண்டையும் வைத்து வருடக்கணக்கில் விளையாடிவிட்டேன். நம் ஊருக்குச் சாயம் ஏற்றியதே நல்லது.

என்னிடம் இருப்பவற்றில் பெரியது 1849 வடிவத்தின் மறுபதிப்பு. நதானியல் குக் பதிவு செய்து, லண்டன் ஜேக்ஸ் நிறுவனம் தயாரித்து, அக்காலத்து ஆங்கிலேய செஸ் வீரர் ஹவார்ட் ஸ்டாண்டன் தன் பெயரைக் கொடுத்த வடிவம் அது. போட்டிகளில் இன்று நாம் பார்க்கும் காய்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இப்போது கிடைக்கும் மறுபதிப்புகளில் பெரும்பாலானவை அமிர்தசரஸில் செய்யப்படுகின்றன. மற்றக் காய்களைக் கடைசல் இயந்திரம் பார்த்துக்கொள்ளும், குதிரையைக் கையால்தான் செதுக்க வேண்டும். விலையில் பெரும் பங்கு அதற்கே போகிறது. வாங்கும்போது குதிரையின் தாடையையும் பிடரியையும் பாருங்கள். அவை மொழுக்கென்று இருந்தால் அந்த செட் வேண்டாம்.

கருங்காலிச் செட்டில் கண்ட குறை வெடிப்பு. பாரத்துக்காக அடியில் உலோகத்தை இறுக்கி வைத்திருப்பார்கள். தென்மேற்குப் பருவ மழையில் மரம் ஈரத்தை இழுத்து ஊதும், தை மாசிக் குளிர்வெயிலில் சுருங்கும். உள்ளே இருக்கும் உலோகம் அசையாது. சுருங்க இடமில்லாத மரம் அடிப்பக்கம் பிளந்துவிடும். கருங்காலி கெட்டியான மரம், ஆனால் வெடிக்கும் சுபாவம் அதிகம். வெள்ளைக் காய்க்குப் போடும் பொக்ஸ்வுட் இந்த விஷயத்தில் எவ்வளவோ பரவாயில்லை. அதையே கறுப்பாக்கினால் இரு பக்கக் காய்களும் ஒரே எடையில் கைக்கு வரும், அதுவும் ஒரு சுகம்.

சாயம் தேய்ந்தால் என்ன செய்வது? இங்கேதான் தேயிலை கைகொடுக்கிறது. வினாகிரியில் ஸ்டீல் வூலைப் போட்டு மூடியை இறுக்காமல் சில நாள் விட்டால் இரும்பு கரையும், அதை வடிகட்டிக்கொள்ளுங்கள். காயின் பழைய வார்னிஷை முழுதாக நீக்கி, ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நாரை மெல்லிய மணல்தாளால் தட்டிவிடுங்கள். அப்புறம் கடும் சாயமாக ஊற்றிய தேத்தண்ணியை இரண்டு மூன்று முறை பூசிக் காயவிட்டு, அதன்மேல் இரும்புக் கரைசலைத் தடவுங்கள். பொக்ஸ்வுட்டில் துவர்ப்புச் சத்து குறைவு, தேயிலை அதைக் கொடுக்கிறது. அந்தத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்ததும் மரம் கண்முன்னே சாம்பலாகிக் கறுக்கும். டஸ்ட் தேயிலை போதும், விலை கூடிய தேயிலையை இதற்கு வீணாக்க வேண்டாம். கறுப்பு மரத்துக்குள்ளேயே இறங்குவதால் மேற்பூச்சு மாதிரி உரிந்து வராது. கடைசியில் மெல்லிய அரக்குப் பொலிஷ், அதன்மேல் தேன்மெழுகு. வெள்ளைக் காய்களுக்குப் பழைய தேன்நிறம் வேண்டுமென்றால் இரும்பு இல்லாமல் தேத்தண்ணி மட்டும் பூசினால் சரி.

அடியில் ஒட்டும் பச்சைக் கம்பளித் துணி மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். உரித்துப் புதிதாக ஒட்டுவது அரை மணி நேர வேலை. காய்களை அடுப்படிப் பரணில் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். திடீர்ச் சூடு வெடிப்பை இன்னும் வேகமாக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட பெட்டி போதும். பலகை வாங்கினாலோ செய்தாலோ, அடிப்பக்கமும் மேற்பக்கம் போலவே பொலிஷ் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை இங்கே வளையாமல் இருக்காது.

1950 டுப்ரோவ்னிக் ஒலிம்பியாட்டுக்காக வடிவமைத்த செட்டின் மறுபதிப்பும் என்னிடம் உண்டு. ராஜா தலையில் சிலுவை கிடையாது, மந்திரியின் உச்சிக் குமிழ் எதிர்நிறத்தில் இருக்கும். உலக செஸ் சம்பியனாக இருந்த பாபி ஃபிஷர் விரும்பிய செட் இது. அழகில் எனக்கு இதுதான் முதலிடம். ஆனால் வீட்டில் தினமும் விரிப்பது சோவியத் பாணியில் செய்த, பாரமே இல்லாத மலிவுச் செட்டைத்தான். உள்ளே உலோகம் இல்லாததால் ஒரு காய் கூட வெடிக்கவில்லை. வேகமாக ஆடும்போது தட்டுப்பட்டு விழும், பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போட்டி அளவு என்றால் ராஜா சுமார் 9.5 சென்றிமீற்றர், கட்டம் 5 முதல் 6 வரை. லயத்து வீட்டுச் சின்ன மேசைக்கு அந்தப் பலகை பெரிது. ஏழரை சென்றிமீற்றர் ராஜாவும் நாலரை சென்றிமீற்றர் கட்டமும் தாராளம், விலையும் நன்றாகக் குறையும். மிஞ்சும் காசில் கூடுதலாக ஒரு ராணி சேர்ந்த செட்டாகக் கேட்டு வாங்குங்கள். சிப்பாய் கடைசி வரிசையை எட்டும்போது கோட்டையைக் கவிழ்த்து வைத்து ராணி என்று சொல்ல வேண்டியிருக்காது.