டிசம்பரில் தியோமான் தீவு: கல்லடியிலிருந்து ஓர் எச்சரிக்கை

போன டிசம்பர் விடுமுறையில் மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து குடும்பமாக மலேசியா போய் வந்தோம். மலாக்கா என்ற பழைய துறைமுக நகரத்தில் மூன்று இரவு, தியோமான் தீவில் மூன்று இரவு என்று காசு கட்டினோம். மலாக்காவைப் பாதி பார்த்தோம். தியோமானைப் பார்க்கவே இல்லை. கொட்டிய மழையில் அது எந்தத் திசையில் கிடக்கிறது என்றுகூடத் தெரியவில்லை.

வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர், "நீங்க மலேசியா போனீங்கதானே டீச்சர், அந்த ஏஜென்ட் எப்படி?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது சுகம். ஏஜென்டின் பெயரைப் போடவில்லை. காரணம் கடைசியில் வரும்.

மலாக்கா என் தெரிவு. எங்கள் அடுத்த வீட்டில் இருப்பவர் பறங்கி அன்ரி. டச் பார் என்ற கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்து, சுனாமிக்குப் பிறகு இடம் மாறியவர். அவர் வீட்டில் இன்றைக்கும் பழைய போர்த்துக்கேயப் பேச்சு கேட்கும். மலாக்காவிலும் அதே மாதிரி ஒரு சமூகம் இருக்கிறது என்று அவர்தான் முதலில் சொன்னார். தேடிப் பார்த்தேன். போர்த்துக்கேயர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். நம் மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் அவர்களிடமிருந்து பறித்த ஒல்லாந்தர், மூன்று வருடம் கழித்து 1641இல் மலாக்காவையும் பறித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சரித்திரம் காட்டலாம், எனக்கும் ஆசை. பிள்ளைகளோ கடல் வேண்டும் என்றார்கள். கல்லடியில் இருந்துகொண்டு கடல் பார்க்க வெளிநாடு போகிறீர்களா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கண்ணாடித் தண்ணீரில் பவளப்பாறை பார்க்கிற ஆசைக்கு நியாயம் கிடையாது.

பேஸ்புக்கில் வந்த விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஏஜென்டைப் பிடித்தோம். டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அறை, சுவரில் ஈபிள் கோபுரம், நல்ல தேநீர். தம்பி மாதிரிப் பேசினார். பெரியவர்களுக்குத் தலைக்கு 215,000 ரூபாய், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. நான், கணவர், அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று எல்லாமாக 980,000. விமானம், ஹோட்டல், வேன், தீவுப் படகு எல்லாம் உள்ளடக்கம் என்றார். "டிசம்பரில் அங்கே மழை இல்லையா தம்பி?" என்று நான் கேட்டது நல்ல ஞாபகம். "மலேசியாவில வருஷம் முழுக்க ஒரே காலநிலைதான் அக்கா, பின்னேரம் கொஞ்சம் தூறும்" என்றார். நம்பினேன். காசைக் கம்பனிக் கணக்குக்கு இல்லாமல் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போடச் சொன்னார். கம்பனிக் கணக்கில் ஏதோ சிக்கலாம். அதையும் நம்பினேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட்டிருக்கலாம். சொந்தக் கணக்குக்குப் போன காசை யாரிடம் போய்க் கேட்பது?

கட்டுநாயக்காவிலேயே முதல் அடி. டிக்கெட்டில் கைப்பொதி 7 கிலோ மட்டும். பெட்டிகளுக்குக் காசு கட்டப்படவில்லை. விமான நிலையத்தில் பெட்டிக்குக் கட்டுவது வீட்டிலிருந்து முன்கூட்டியே கட்டுவதைவிடப் பல மடங்கு அதிகம். அடுத்தது சின்ன விஷயம், ஆனால் ஆளின் குணம் தெரிகிற விஷயம். மலேசியாவுக்குள் போகுமுன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டை ஒன்று இருக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து கட்டாயம். அது முழுக்க இலவசம். எங்களிடம் அதற்குத் தலைக்கு 4,500 ரூபாய் வாங்கியிருந்தார்.

மலாக்காவில் 'பாரம்பரிய வட்டாரத்தில் ஹோட்டல்' என்பது திட்டம். இறக்கிவிட்டதோ ஆயர் கெரோவில், நெடுஞ்சாலைப் பக்கம். பழைய நகரத்துக்கு அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். நம் கணக்கில் டவுன் என்று சொல்லி ஏறாவூருக்கு அப்பால் இறக்கிவிட்ட மாதிரி. உள்ளே போனதும் வரவேற்பில் சுற்றுலா வரி கேட்டார்கள். வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். அது அரசாங்க வரி, ஹோட்டலைக் குறை சொல்ல முடியாது. 'எல்லாம் உள்ளடக்கம்' என்றவரைத்தான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை நகரம் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூட்டிப்போய் ஒரு சொக்கலேட் கடை, ஒரு கோப்பிக் கடை, ஒரு தோல்பொருள் கடை என்று மதியம் வரை ஓட்டினார்கள். நாங்கள் வாங்கினால் அவர்களுக்குத் தரகு. திட்டத்தில் 'புகழ்பெற்ற ஜொங்கர் இரவுச் சந்தை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில்தான். நாங்கள் திங்கள் போய் வியாழன் கிளம்பியவர்கள்.

கோட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. படத்தில் பார்த்துவிட்டு நம் கோட்டை மாதிரி ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிஞ்சியது ஒரு வாசல் மட்டும். என் சின்னவன் அதைச் சுற்றி வந்து, "மிச்சம் எங்க அம்மா?" என்று கேட்டான். இது ஏமாற்று இல்லை, தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகச் சொல்கிறேன். மலாக்காவில் குளிக்கிற கடலும் கிடையாது. நீரிணைக் கரை சேறும் கலங்கலும்தான்.

புதன்கிழமை வாகனத்தையும் வழிகாட்டியையும் விட்டுவிட்டு நாங்களே கிளம்பினோம். முழுப் பயணத்திலும் உருப்படியான நாள் அதுதான். ஒரே தெருவில் 1748இல் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், பழைய சீனக் கோயில், 1781இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுந்த பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பிள்ளையார் கோயில் மலாக்காச் செட்டிகளுடையது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வியாபாரத்துக்கு வந்து அங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட தமிழரின் வழிவந்தவர்கள். கும்பிடுவது நம் மாதிரி, பேசுவது மலாய். அம்மா கோயிலில் நின்ற ஒரு பெண்ணிடம் தமிழில் பேசப் போய், அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு இரண்டு பேரும் கையால் கதைத்தார்கள். பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டு கிடைத்தது. ஜன்னலுக்கு மலாயில் ஜென்டேலா, அலமாரிக்கு அல்மாரி, மேசைக்கு மெஜா. எல்லாம் போர்த்துக்கேயன் இரண்டு ஊரிலும் போட்டுவிட்டுப் போனது.

பின்னேரம் உஜோங் பாசிரில் உள்ள போர்த்துக்கேயக் குடியிருப்புக்குப் போனோம். நத்தார் வாரம், வீட்டுக்கு வீடு விளக்கு. அன்ரி தன் பேச்சில் ஒரு வாழ்த்தைப் போனில் பதிந்து தந்திருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த வயதான ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டார். பாதி விளங்குகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு ஒரு நிமிடம் பேசிப் பதிந்து தந்தார். இந்த இடம் ஏஜென்டின் திட்டத்திலேயே இல்லை.

வியாழன் காலை மெர்சிங்குக்கு வேன். தியோமானுக்குப் படகு அங்கிருந்துதான். சாரதி மலேசியத் தமிழர். குளுவாங் வழியாக, இரு பக்கமும் செம்பனைத் தோட்டம், போகப் போக மழை. தேநீருக்கு நிறுத்திய இடத்தில், "மெர்சிங்ல யாரு வீட்டுக்கும்மா போறீங்க?" என்று கேட்டார். தீவுக்கு என்றோம். மனிதர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "டிசம்பர்ல யாரும்மா தியோமான் போவாங்க? இது தெங்குஜூலா. எல்லாம் மூடிருக்கும்லா." தெங்குஜூ என்றால் அவர்கள் ஊர் மாரி.

படகுத் துறையில் இறங்கியதும் அம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார். "இது நம்மட வாடக் காத்து மகள். இஞ்சயும் அதுதான் அடிக்கிது." அவ்வளவுதான் சொன்னார். பிறந்ததிலிருந்து கல்லடியில் இருக்கிற எனக்கு, வாடை தொடங்கினால் தோணிகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள் என்று தெரிந்த எனக்கு, அதே காற்று அந்தக் கடலிலும் அடிக்கும் என்று ஏன் தோன்றவில்லை? இந்த ஒரு விஷயத்தில் ஏஜென்டைவிட என் மேல்தான் எனக்குக் கோபம்.

இரண்டு நாளாகப் படகு விடவில்லை, நாளையும் சொல்ல முடியாது என்றார்கள். எங்கள் வவுச்சரை வாங்கிப் பார்த்த கவுண்டர்ப் பெண், அந்த ரிசோர்ட் நவம்பரிலேயே மூடிவிட்டது, பிப்ரவரி முடிந்துதான் திறப்பார்கள் என்றார். வவுச்சரில் எங்கள் பெயர், திகதி, அறை வகை எல்லாம் அழகாக இருந்தது. ஏஜென்டுக்கு அழைத்தோம். ஒன்பது அழைப்புக்குப் பதில் இல்லை. இரவு ஒரு குரல் பதிவு வந்தது. "அக்கா, இது இயற்கை. கடல நாங்க கட்டுப்படுத்த ஏலுமா? காலநிலைக்கு ரீபண்ட் இல்லை." அன்றிரவு மெர்சிங்கில் ஒரு லாட்ஜ், மறுநாள் கோலாலம்பூருக்குப் பஸ், மிச்சம் இரண்டு இரவு பிரிக்ஃபீல்ட்சில் அறை. எல்லாம் எங்கள் கைக்காசு. பிள்ளைகள் கொண்டுபோன நீச்சல் கண்ணாடி உறை பிரிக்காமலே திரும்பி வந்தது.

காலநிலை என்றால் நானும் விட்டிருப்பேன். ஜனவரியில் அந்த ரிசோர்ட்டுக்கு வவுச்சரை இணைத்து ஒரு மின்னஞ்சல் போட்டேன். மார்ச் முதல் வாரம் பதில் வந்தது. அந்தத் திகதியில் தாங்கள் யாருக்கும் அறை கொடுக்கவில்லை, அந்த வவுச்சர் தங்களுடையதே அல்ல.

கடல் பருவக் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். மார்கழியில் நம் கிழக்கில் பாசிக்குடா காலியாகக் கிடக்கும்போது தெற்கில் உனவட்டுனவில் சீசன். சித்திரைக்குப் பிறகு அறுகம்குடாவில் அலைச்சறுக்குக் கூட்டம் குவியும்போது தெற்கில் கடல் கொந்தளிக்கும். மலேசியாவுக்கும் கிழக்கு மேற்கு உண்டு. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் எல்லாம் கிழக்குப் பக்கத் தீவுகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் அடைப்பு. நம் பிள்ளைகளின் டிசம்பர் லீவுக்குச் சரிவருவது மேற்குப் பக்கம்தான். லங்காவியில் அப்போது வறண்ட காலம். பழைய நகரமும் கடலும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பினாங்கு. அங்குள்ள ஜோர்ஜ் டவுனும் மலாக்காவோடு சேர்த்து 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய ஊர்தான், பத்து ஃபெரிங்கி கடற்கரை அதே தீவில் இருக்கிறது. அங்கும் ஜெலிமீன் உண்டு, கேட்டுவிட்டு இறங்குங்கள். வியட்நாமின் ஹோய் ஆன் பழைய நகரத்தையும் இப்போது விற்கிறார்களாம். அக்டோபர், நவம்பரில் ஆற்றுவெள்ளம் தெருவுக்கு வருகிற ஊர் அது. எந்த ஊர் என்றாலும் படத்தைப் பார்ப்பதற்கு முன் எந்தக் கரை, எந்த மாதம் என்று பாருங்கள். அறை உண்மையிலேயே போடப்பட்டிருக்கிறதா என்று ஹோட்டலுக்கே எழுதிக் கேளுங்கள். இலவசம், ஐந்து நிமிட வேலை. நான் அதைப் போய் வந்த பிறகு செய்தேன்.

முறைப்பாடு பற்றி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் சேவை நடந்து மூன்று மாதத்துக்குள். பொங்கல் முடியட்டும், சிவராத்திரி முடியட்டும் என்று நான் இழுத்ததில் இரண்டு வாரம்தான் மிச்சம் இருந்தது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவுப் பட்டியலில் இவர் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பட்டியல் இணையத்திலேயே கிடக்கிறது. விமான டிக்கெட் விற்பவர்களிடம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தையும் கேட்டுப் பாருங்கள். இவர் சுவரில் ஈபிள் கோபுரத்தை மட்டும்தான் மாட்டியிருந்தார்.

பொலிசுக்கும் போனோம். கடைசியில் மத்தியஸ்த சபைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு அமர்வு. முதல் அமர்வில் 'இயற்கை' என்றவர், ரிசோர்ட்டின் பதிலை அச்சடித்து வைத்ததும் 'அங்கே உள்ள ஏஜென்ட் என்னையும் ஏமாற்றிவிட்டான்' என்றார். நாங்கள் கேட்டது 240,000. மூன்று தவணையில் 150,000 தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு தவணை வந்துவிட்டது. மூன்றாவது வரும்வரை பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று என் கணவர் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். நேரில் கேட்பவர்களுக்குச் சொல்வேன்.

நேற்று அவருடைய புதுப் பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. பெயர் வேறு, போன் இலக்கம் வேறு, விளம்பரம் பழையது. 'டிசம்பர் லீவு ஸ்பெஷல், மலாக்காவும் தியோமானும்.' நீலக் கடல், வெள்ளை மணல், மேகம் ஒரு துளி இல்லாத வானம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலையில் கமெராவின் திகதி அழியாமல் அப்படியே இருக்கிறது, ஜூன் மாதம் எடுத்தது.