மூன்று வருடமாக என் மேசையில் இருக்கும் குட்டி விஎன்ஏ

ஓசூரில் இருக்கும் நண்பன் நேற்று போனில் கேட்டான்: "மச்சி, அந்தக் குட்டி விஎன்ஏ விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" விஎன்ஏ என்றால், ஆன்டெனாவுக்குள் அலையை அனுப்பி எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கும் கருவி. போன வாரம்தான் என்னுடையதை பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ரிப்பேர் பார்த்துக்கொண்டு வந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

என்னிடம் இருப்பது 3 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் ரகம். ஒரு தண்ணீர் மீட்டர் போர்டுக்காக வாங்கினேன். மீட்டர் அளவு லோராவில் (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் ரேடியோ), 865–867 மெகாஹெர்ட்ஸில் போக வேண்டும். பொருத்த வருகிறவர் போனிலிருந்து புளூடூத்தில் பேச வேண்டும். உள்ளே இடம் கிடையாது, அதனால் இரண்டு பேண்டுக்கும் ஒரே ஆன்டெனா, இரண்டையும் பிரிக்கப் பின்னால் ஒரு டைபிளெக்சர்.

இந்த வேலையில் கருவி எனக்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. ஆன்டெனா காலடியில் தொடராக நிற்கும் இண்டக்டரை (கம்பிச்சுருளை) 1 நானோஹென்றி கூட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 866 மெகாஹெர்ட்ஸில் அது சேர்க்கும் தடுப்பு வெறும் 5.4 ஓம். புளூடூத் பக்கம் 2440-ல் அதே 1 நானோஹென்றி 15 ஓமைத் தாண்டுகிறது. லோரா பக்கம் லேசாக நகர்த்தினால் புளூடூத் பக்கம் தலைகீழாகிவிடும். கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வது வேறு. கடுகளவு 0402 பாகத்தை மாற்றி ஈயம் வைத்ததும் ஸ்மித் சார்ட்டில் (நடுவுக்கு வந்தால் ஆன்டெனா பொருந்துகிறது என்று காட்டும் வட்டப் படம்) ஒரு வளையம் நடுவுக்கு வர, இன்னொன்று ஓரத்துக்கு ஓடுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு. தண்ணீர் புகாமல் இருக்க ரெசின் ஊற்றினோம். 866-ல் இருந்த குழி, அதாவது அலை திரும்பி வருவது மிகக் குறையும் இடம், 831-க்கு இறங்கிவிட்டது. அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் நூறு போர்டும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

இந்த மார்ச்சில் கேபிளைத் தொட்டால் திரையில் கோடு ஆட ஆரம்பித்தது. சின்ன போர்டில் இது நடக்கக்கூடியதுதான். 866-க்குக் கால் அலைநீளமே எட்டரை சென்டிமீட்டருக்கு மேல். போர்டின் கிரவுண்டு அதைவிடச் சின்னது. மின்னோட்டம் கேபிளின் வெளி உறையில் ஏறி, கேபிளும் ஆன்டெனாவாகிவிடும். அதனால் போர்டைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த மின்னோட்டத்தை அடக்க கேபிளில் ஃபெரைட் மணிகள் கோத்தேன், யூஎஸ்பியைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினேன், லேஅவுட்டைக்கூட மாற்றி வரைந்தேன். மூன்று வாரம் போயிற்று.

ஒரு ராத்திரி கேலிப்ரேஷனுக்கான, அலையைத் திருப்பாமல் விழுங்கிவிடும் 50 ஓம் லோடை கேபிள் நுனியில் மாட்டிவிட்டு, சும்மா கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் ஆடியது! லோடு ஆன்டெனா அல்லவே, அது ஆடக் காரணமே இல்லை. கோளாறு கருவியில். மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், கேபிள் மாட்டும் எஸ்எம்ஏ கனெக்டரின் கிரவுண்டு கால் ஒன்றைச் சுற்றி ஈயத்தில் முடி போல ஒரு விரிசல்.

கனெக்டரின் பாரம் முழுவதையும் நாலு பொட்டு ஈயத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பெட்டியோடு சேர்த்து இறுக்க ஒரு நட் கூட இல்லை. தினமும் கழற்றி மாட்டுகிற இடம் அது. இதை வடிவமைத்தவர் ஒரு மாதமாவது இதை வைத்து வேலை பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

எஸ்.பி. ரோட்டுக் கடை அண்ணன் வேலூர்க்காரர். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் புதிதாக வைத்துக் கொடுத்தார். "போர்ட்டுல ஒரு சின்ன அடாப்டரை நிரந்தரமா மாட்டி விட்டுடுங்க தம்பி. தேஞ்சா அது தேயட்டும்" என்றார். இப்போது லோடை மாட்டி கேபிளை எப்படி வளைத்தாலும் கோடு அசையவில்லை.

அளவில் இது என்னை ஏமாற்றியதே இல்லை, அந்த மூன்று வாரம் தவிர. கம்பெனி லேபில் இருக்கும் பெரிய கருவியோடு ஒப்பிட்டபோது 866-ல் இரண்டும் ஒரே கோடாகத்தான் வந்தன. 2.4-ல் கொஞ்சம் இரைச்சல், ஆனால் மேட்சிங் வேலைக்குப் போதும். இத்தனையும் சொல்லிவிட்டு நண்பனிடம் சொன்னது: வாங்காதே. இந்த கனெக்டரோடு விற்கிறவரை வாங்காதே.

ஓசூரிலிருந்து அல்சூருக்கு ஒரு பஸ் பிடித்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை போர்டை எடுத்துக்கொண்டு வா, என்னுடையதிலேயே அளந்துகொள்ளலாம். அந்த அடாப்டரை மட்டும் கழற்றாதே.