செப்பாங்கில் என் 86: எண்ணெய்ச் சூடு நீங்கலாக

டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காரை டைம் அட்டாக்குக்கு, அதாவது கடிகாரத்தோடு மட்டும் மோதும் ஓட்டத்துக்கு, தயார் செய்வது பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பாதி குளிர் நாட்டுக்காரர்கள் சொன்னது. மீதிப் பாதி, சுற்று சின்னதாக இருக்கும் ஓடுதளத்தில் ஓட்டுபவர்கள் சொன்னது. நான் ஓட்டும் மலேசியாவின் செப்பாங் ஓடுதளத்தில் குளிரும் கிடையாது, சுற்றும் சின்னதில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். போன வாரம்தான் ஆயில் கூலர் குழாயை மாற்றி காரை வெளியே எடுத்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

கார் 2012-இல் வந்த முதல் தலைமுறை. ஜப்பானிலிருந்து இறங்கிய ரீகண்டிஷன் வண்டி. 2 லிட்டர் பாக்சர் எஞ்சின், 200 குதிரைத்திறன், ஆறு கியர், இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பகிரும் டார்சன் டிஃபரன்ஷியல். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் போட்டவை: காயில்ஓவர் (இறுக்கமான, உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), கேம்பர் பிளேட் (சக்கரத்தின் சாய்வான கேம்பரை மாற்ற), பிரேக் பேட், நல்ல பிரேக் ஆயில், பக்கெட் சீட், ஹெடர் (புகைக்குழாயின் முன்பகுதி), டியூன் (எஞ்சின் கணினியில் மாற்றம்), ஆயில் கூலர், முன்னால் ஸ்பிளிட்டர், பின்னால் கழற்றி மாட்டும் விங். டர்போ இல்லை. 200 குதிரையின் சூட்டையே அடக்க முடியாத இடத்தில் 300-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டைம் அட்டாக்கில் பக்கத்து வண்டியோடு போட்டி இல்லை. ஒரு சுற்று டயரையும் எண்ணெயையும் சூடேற்ற, ஒரு சுற்று முழு வேகத்தில், அப்புறம் ஒரு சுற்று ஆற. அன்றைக்கு எடுத்த நேரங்களில் சிறந்த ஒன்று மட்டும் கணக்கு. இந்த விளையாட்டுக்குத் தாய்வீடு மாதிரி இருக்கும் ஜப்பானின் சுகுபா ஓடுதளம் வெறும் 2.045 கிலோமீட்டர். அங்கே ஒரு நிமிடத்துக்குள் சுற்றினால் காரை மதிப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகவும் ஜனவரி, பிப்ரவரி காலைகளைக் காத்திருந்து பிடிப்பார்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. எஞ்சினுக்கும் நல்லது, விங்குக்கும் நல்லது, ரேடியேட்டருக்கும் நல்லது.

செப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. சுகுபாவில் இரண்டே முக்கால் சுற்று போகும் தூரம் இங்கே ஒரே ஹாட் லேப், அதாவது ஒரே முழு வேகச் சுற்று. என் கார் நல்ல நாளில் 2 நிமிடம் 37 விநாடியில் வரும். அதாவது ஜப்பான்காரர் முழு வேகத்தை முடித்துவிட்டு ஜன்னலை இறக்கி ஆசுவாசப்படும் நேரத்தில், நான் இன்னும் ஐந்தாவது வளைவைத்தான் தாண்டிக்கொண்டிருப்பேன். வெளியே 33 டிகிரி. தார் அதற்கும் மேலே கொதிக்கும். அவர்களுடைய பார்ட்ஸ் பட்டியலை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்டினால், முதல் பாதிச் சுற்றுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

எண்ணெய்ச் சூட்டு முள் எப்படி ஏறுகிறது என்று சொல்கிறேன். ஹாட் லேப் தொடங்கும்போது எண்ணெய் 100 டிகிரி. முதல் வளைவு வலது. போகப் போக இறுகும். பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திருப்ப வேண்டும். அது முடிந்த கையோடு இரண்டாவது, இடதுபக்கக் கொண்டை ஊசி. மூன்றாவது நீண்ட வலது, ஆக்ஸிலரேட்டரை எடுக்கவே வேண்டாம். நான்காவதும் வலது. ஐந்து இடது, ஆறு வலது, இரண்டும் வேகமானவை, கழுத்து வலிக்கும். ஏழும் எட்டும் சேர்ந்து மறுபடி ஒரு நீண்ட வலது. அங்கே வரும்போது 115. ஒன்பதாவது கொண்டை ஊசியில் வேகம் விழும், காற்று குறையும், சூடு ஏறும். பின்பக்க நேர்சாலையில் காற்று வாங்கிக் கொஞ்சம் நிற்கும். கோட்டைத் தாண்டும்போது 125-ஐ ஒட்டி. கூலர் போடுவதற்கு முன் அது 130-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

மேலே எத்தனை வலது இருக்கிறது என்று பார்த்தீர்களா? 86-இன் எஃப்ஏ20 எஞ்சினில், ஒட்டும் ரக டயர் போட்டு நீண்ட வலது வளைவில் அழுத்தினால் எண்ணெய் அழுத்தம் சரியும். உலகம் முழுக்க டிராக் நாள் ஓட்டுபவர்கள் டேட்டா லாகரில் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் விஷயம் இது. எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, சம்பில் (எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) உறிஞ்சு குழாய்க்குப் போதுமான அளவு கிடைப்பதில்லை. சூடான எண்ணெய் ஏற்கெனவே நீர்த்திருக்கும், அழுத்தம் அதனாலும் குறையும். இரண்டும் ஒரே நேரத்தில் சேருவது ஆறாவது வளைவில். அதைத் தடுக்கத் தடுப்புத் தகடு வைத்த சம்ப் போடலாம். பலர் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிக்கொள்கிறார்கள். நான் இரண்டும் செய்திருக்கிறேன். நீர்த்த 0டபிள்யூ-20 எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டியான 5டபிள்யூ-40 ஊற்றுகிறேன். இதற்கு டொயோட்டாவையோ எஞ்சின் செய்த சுபாருவையோ குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் சாலைக்குக் கார் செய்தார்கள். அதில் பந்தய டயருக்குப் பங்காளியான டயரைப் போட்டு, கடிகாரச் சுற்றில் வலது வலதாகத் திரும்பும் ஓடுதளத்தில் விட்டது நான்.

ஆனால் கூலர் கிட் விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு. பெயர் வேண்டாம். பெட்டியில் எல்லாம் அழகாக இருந்தது: தெர்மோஸ்டாட் வைத்த சாண்ட்விச் பிளேட் (ஃபில்டருக்கு அடியில் செருகி எண்ணெயைக் கூலருக்குத் திருப்புவது), பின்னல் உறை போட்ட குழாய், மினுங்கும் கறுப்புக் கூலர். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் மேலேயே நிமிர்ந்து நிற்பதால் பிளேட் மாட்டுவது சுலபம். (எண்ணெய் மாற்றும்போது கீழே படுக்கவேண்டிய வேலை பாதி குறையும். இந்த வண்டியை வடிவமைத்தவர்களில் யாரோ ஒருவர் தானும் எண்ணெய் மாற்றியிருக்கிறார்.) பிரச்சினை குழாயின் முனை. அதிர்வில் மெல்ல மெல்லக் கசியும். வெளியே தெரியாது, வாசனையில்தான் தெரியும். கடைசியாக ஓடியபோது பதினோராவது வளைவில் மார்ஷல் கறுப்பில் செம்மஞ்சள் வட்டம் போட்ட கொடியைக் காட்டினார். வண்டியில் கோளாறு, உள்ளே வா என்று அர்த்தம். ஒரு சுற்றை மூன்று செக்டாராகப் பிரித்து நேரம் எடுப்பார்கள். அதற்கு முன் இரண்டு செக்டாரிலும் அன்றைய என் சிறந்த நேரம். அந்தச் சுற்றை எனக்குத் திருப்பித் தரும் வாரண்டி எங்கேயும் இல்லை.

கிள்ளானில் என் வண்டியைப் பார்க்கும் ஃபோர்மேன் வயதில் மூத்தவர், அதிகம் பேசமாட்டார். இன்னும் பெரிய கூலர் போடலாமா அண்ணே என்று கேட்டேன். "நீ பெருசாக்கிக்கிட்டே போ தம்பி. ஒரு நாளைக்குக் கூலரை ரோட்ல ஓட்டிட்டு காரைப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போவ" என்றார். அவர் சொன்னது சரிதான். முன்னால் ஆயில் கூலர், அதற்குப் பின்னால் ஏசி கண்டென்சர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர். கூலரைப் பெரிதாக்கினால் எண்ணெய் இறங்கும், தண்ணீர் ஏறும். ஏசியைக் கழற்றலாம்தான், ஆனால் அதே காரில்தான் எலைட் நெடுஞ்சாலையில் மாலை நெரிசலில் வீடு திரும்புகிறேன். கடைசியில் பலன் கொடுத்தது காசில்லாத வேலை. பம்பர் வாயிலிருந்து கூலர் வரை அலுமினியத் தகடு வளைத்து, சந்துகளைப் பஞ்சுப் பட்டையால் அடைத்தார். உள்ளே வந்த காற்று வேறு வழி தேடிப் போகமுடியாமல் கூலருக்குள்ளேயே போயிற்று. கூலரின் அளவை மாற்றாமலே ஏழெட்டு டிகிரி குறைந்தது. கிட் விற்றவர்கள் அந்தத் தகட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கலாம் இல்லையா?

சரி, நல்லதையும் சொல்லவேண்டும். பிரேக்கைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அதுவே பெரிய புகழ்ச்சி. வண்டி 1,240 கிலோவை ஒட்டித்தான். கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் இருக்கும் பிரேக் ஆயிலும் டிராக் பேடும் போதும். பெரிய காலிப்பர் வாங்கும் காசை டயருக்கு வைத்துக்கொள்ளலாம். ஹெடரும் டியூனும் எஞ்சின் நிமிடத்துக்கு 3,500-க்கும் 4,500-க்கும் நடுவே சுழலும்போது இருந்த அந்தப் பிரபலமான இழுவைப் பள்ளத்தை நிரப்பிவிட்டன. ஓடுதளத்தில் அந்தப் பக்கமே போகமாட்டோம் என்றாலும், சாலையில் மனம் குளிரும்.

டயரில் மறுபடி அதே குளிர்நாட்டுக் கதை. சுகுபாக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் 200 டிரெட்வேர் (தேய்மான எண், குறைந்தால் மென்மை) ரகம் ஒன்று இருக்கிறது. சட்டென்று சூடேறும், உடனே ஒட்டும். ஒரு நிமிடச் சுற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இங்கே அதே டயர் பன்னிரண்டாவது வளைவுக்கு வருவதற்குள் உச்சத்தைத் தாண்டிவிடும். கடைசி வளைவு வேறு கொடுமை. 2016-இல் ஓடுதளத்துக்குப் புதுத் தார் போட்டபோது பதினைந்தாவது வளைவின் உட்பக்கத்தை உயர்த்திவிட்டார்கள். சாய்வு வெளியே தள்ளும். களைத்த டயரோடு அங்கே போனால் முன்பக்கம் முதலில் விலகும், பொறுக்காமல் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் பின்பக்கம் விலகும். இப்போது கொஞ்சம் மெதுவாகச் சூடேறும், கடினமான டயருக்கு மாறியிருக்கிறேன். முதல் செக்டாரில் இழப்பதை மூன்றாவதில் திரும்ப எடுக்கிறேன். முன் சக்கரத்துக்கு மைனஸ் 3 டிகிரி கேம்பர் கட்டாயம். முன்னால் ஸ்ட்ரட் அமைப்பு என்பதால் வண்டி சாயும்போது கேம்பர் போதாமல் போய், டயரின் வெளி ஓரம்தான் முதலில் தேயும்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் மழை. செப்பாங்கில் பிற்பகல் மழை எப்படி என்று ஊருக்கே தெரியும். 2009-இல் மாலை 5 மணிக்குத் தொடங்கிய ஃபார்முலா 1 பந்தயத்தையே 31 சுற்றோடு முடித்து, பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பிய மழை அது. டைம் அட்டாக் நாளில் மேகம் கறுத்தால் பெரிய குதிரைக்காரர்கள் எல்லாரும் டிரெய்லரில் ஏற்றிக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஈரத்தில் நேரம் வராது, வண்டியை எதற்கு ஆபத்தில் விடவேண்டும்? நியாயம்தான். இடியும் வெள்ளமும் அடங்கி ஓடுதளத்தைத் திறந்துவிட்ட பிறகு நான் மட்டும் போவேன். எண்ணெய் 95-க்கு மேல் ஏறாது. அழுத்த முள் அசையாது. அப்போதுதான் இந்தக் கார் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரியும். தாழ்ந்து உட்கார்ந்த எஞ்சின், தாழ்ந்து உட்கார்ந்த நான். ஸ்டீரிங்கில் ஒவ்வொரு ஈரப் பட்டையும் தனியாகத் தெரியும். பின்பக்கம் நகரப்போவதை முதுகுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு நகரும். டார்சன் இரண்டு பின்சக்கரத்தையும் பிடித்துத் தள்ளும். ஐந்திலிருந்து ஆறுக்கு வண்டியை ஆக்ஸிலரேட்டரால் மட்டும் திருப்பியிருக்கிறேன். அந்த நேரங்கள் எதுவும் பட்டியலில் வராது. காரில் நான் மிகவும் அனுபவித்த சுற்றுகளுக்கும் காரின் வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

சாலையில் இதோடு வாழ முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், விங்கைக் கழற்றி வைத்தால். மாட்டிக்கொண்டே போனால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) சாலைத் தடுப்பில் நிறுத்திக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். காயில்ஓவர் முதுகைக் கேட்கும். பக்கெட் சீட்டில் அம்மா ஏறமாட்டார்.

இப்போது இதெல்லாம் எதற்கு என்றால், என் அக்கா மகன் கேட்டான். "மாமா, ஷா ஆலாமில் ஒரு 86 இருக்கு, விலை நல்லா இறங்கியிருக்கு, டைம் அட்டாக்குக்கு எடுக்கலாமா?" புது 2.4 லிட்டர் ஜிஆர்86 வந்த பிறகு பழையதை விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். செப்பாங்கில் நேரம்தான் வேண்டும் என்றால் ஹோண்டாவின் எஃப்டி2 சிவிக் டைப் ஆர் எடு, முன்சக்கர வண்டிதான், அதன் எஞ்சினுக்கு இந்த ஊரில் கை வைக்கத் தெரியாத ஃபோர்மேன் கிடையாது, உதிரிக்கு அலையவேண்டாம் என்றேன். அதன் விலை இறங்கவே மாட்டேன் என்கிறது, அதுவும் உண்மை. 86 எடுத்தால் சம்பளத்தில் பாதி எண்ணெயைக் குளிரவைக்கப் போகும், நேரம் எடுக்கப் போகும் காரில் முள்ளைப் பார்த்தே ஓட்டுவாய் என்றும் சொன்னேன்.

"அப்ப நீங்க ஏன் விக்கல?" என்றான். ஆண்டுக் கடைசி மழை முடியட்டும், பார்க்கலாம் என்றேன். அவன் பார்த்த வண்டியின் படத்தையும் சர்வீஸ் புத்தகத்தையும் எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கியர்பாக்ஸ் நன்றாக இருந்து விலையும் இன்னும் கொஞ்சம் இறங்கினால், உதிரிக்கு நானே எடுத்துவிடுவேன்.