அரிசோனாவா, சாந்தோ டொமிங்கோவா: நாளைய பேஸ்பால் வீரர்களைப் பார்க்க எங்கே போகலாம்?

2022-ல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி வீரர் தேர்வில் மூன்றாவது இடத்தில் எடுத்த பிட்சரின் (பந்து வீசுபவரின்) பெயர் குமார் ராக்கர். தாய்வழியில் இந்திய வேர் உள்ளவர். நான் டல்லாஸில் குடியிருப்பவன், ரேஞ்சர்ஸ் என் ஊர் அணி. அதில் ஒரு குமார் சேர்ந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தோள்பட்டை அறுவைக்குப் பின் தேறிவந்த அவரை இளம் வீரர்கள் இலையுதிர் காலத்தில் ஆடும் அரிசோனா ஃபால் லீக்குக்கு அனுப்புகிறார்கள் என்று படித்த அன்றே விமான டிக்கெட் எடுத்தேன். அந்த அக்டோபர் வாரம் எனக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது: வீரர்களை அவர்கள் பெயர் பெறுவதற்கு முன்பே போய்ப் பார்ப்பது.

மறு ஆண்டு டிசம்பரில் டொமினிகன் குடியரசின் தலைநகர் சாந்தோ டொமிங்கோவுக்கு, அந்நாட்டின் குளிர்கால லீக்கைப் பார்க்கப் போனேன். 2024-ல் மீண்டும் அரிசோனா. என் விடுப்பும் சேமிப்பும் ஆண்டுக்கு ஒரு பயணத்தைத்தான் தாங்கும். அதனால் இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டியிருந்தது. என் முடிவு அரிசோனா. அதற்கான காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். அரிசோனாவில் ஆறு அணிகள், ஆறும் ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியே இருக்கின்றன. அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் நடுவில் முடிந்துவிடும். பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் 30 அமைப்புகளும் தங்கள் பையன்களை அனுப்புகின்றன. ஐந்து அமைப்புகளின் பையன்கள் சேர்ந்தால் ஓர் அணி. டொமினிகன் லீக்கிலும் ஆறு அணிகள்தான். அக்டோபர் நடுவில் தொடங்கி ஜனவரி இறுதிப்போட்டி வரை போகும். செலவைப் பார்த்தால், அமெரிக்காவில் இருப்பவருக்கு அரிசோனா மலிவு. கூட்டம், கொண்டாட்டம் என்று பார்த்தால் சாந்தோ டொமிங்கோவின் பக்கத்தில் அரிசோனா நிற்கவே முடியாது.

ஆனால் என்னைப் போல ஒரு குறிப்பிட்ட இளைஞனைப் பார்க்கவே பயணம் போகிறவருக்குக் கேள்வி ஒன்றுதான்: நான் பார்க்க வந்த பையன் இன்று ஆடுவானா?

சாந்தோ டொமிங்கோவில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கில் ஒரு கோடை முழுக்க நான் பின்தொடர்ந்த ஓர் இளம் இன்ஃபீல்டரை (தளங்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டரை) பார்க்கவே போயிருந்தேன். பெயர் வேண்டாம், அவர் மேல் குற்றம் எதுவும் இல்லை. கிஸ்கேயா மைதானத்தில் இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். முதல் இரவு முழுக்க அவர் வீரர்கள் காத்திருக்கும் டக்அவுட்டின் கம்பியில் சாய்ந்தபடி சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தார். அவருடைய இடத்தில் முப்பதைத் தாண்டிய அனுபவசாலி ஒருவர் ஆடினார். இரண்டாம் இரவு கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், மெதுவாக ஓடும் ஒரு சீனியருக்குப் பதிலாக இவரை முதல் தளத்தில் ஓட நிறுத்தினார்கள். அடுத்த பேட்டர் அவுட், ஆட்டம் முடிந்தது. இரண்டாயிரம் மைல் பறந்து போய் நான் பார்த்தது, தளத்தை விட்டு நாலு அடி முன்னே வந்து நின்ற ஒரு பையனை.

அந்த மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒவ்வொரு இரவும் ஜெயிப்பதற்காகத்தான் ஆடுகிறார்கள். டீக்ரெஸ் டெல் லீசேய் 1907-ல் தொடங்கிய அணி, லியோனஸ் டெல் எஸ்கோஹீடோ 1921-ல் தொடங்கியது. இரண்டுக்கும் ஒரே ஊர், ஒரே மைதானம். நாலு ஆட்டம் தொடர்ந்து தோற்றால் மேலாளரின் வேலை நிலைக்காது. அப்படி ஓர் இடத்தில் இருபது வயதுப் பையனுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கொடு என்று எப்படிக் கேட்பது? இன்னொரு சிக்கல் அமெரிக்க அணிகளிடமிருந்து வருகிறது. கோடையில் நிறைய ஆடிய வீரரை, மிகையாகக் களைத்துப் போனவர் என்று குறிப்பிட்டுக் குளிர்கால லீக்கில் ஆடவிடாமல் நிறுத்திவைக்க அவற்றுக்கு உரிமை உண்டு. ஆக, கோடையில் நன்றாக ஆடிய பையன்தான் டிசம்பரில் கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம்.

அரிசோனா லீக் பிறந்ததே இந்தச் சிக்கலிலிருந்துதான். அதற்கு முன்பு இளம் வீரர்கள் குளிர்காலத்தில் லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குத்தான் போய் ஆடினார்கள். அங்கே யார் ஆடுவது, எத்தனை இன்னிங்ஸ் வீசுவது என்று அமெரிக்க அணிகளால் சொல்ல முடியவில்லை. அதனால் 1992-ல் வீட்டுப் பக்கத்திலேயே, தங்கள் வசந்தகாலப் பயிற்சி மைதானங்களிலேயே, சொந்தமாக ஒரு லீக்கை அமைத்துக்கொண்டார்கள். வெற்றி தோல்வி அங்கே இரண்டாம் பட்சம். அனுப்பிய அமைப்பு தன் பையன் வாரத்தில் இத்தனை ஆட்டம் ஆட வேண்டும் என்று எதிர்பார்க்கிறது, மேலாளர் அதன்படி முறைவைத்து இறக்குகிறார். நான் 2024-ல் ஐந்து நாட்களில் ஐந்து ஆட்டங்கள் பார்த்தேன். மனத்தில் குறித்துப் போயிருந்த நான்கு பேட்டர்களையும் குறைந்தது இரண்டு முறையாவது முழு ஆட்டமாகப் பார்க்க முடிந்தது. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் ஆடாத பையன் ஆடாதவன்தானே? அதனால்தான் மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒன்றுக்கு இவ்வளவு எடை தருகிறேன்.

இங்கும் விதிவிலக்கு உண்டு. 2010-ல், பின்னாளில் நட்சத்திரமான பிரைஸ் ஹார்ப்பர் 18 வயது நிரம்பிய கையோடு ஸ்காட்ஸ்டேல் ஸ்கார்ப்பியன்ஸுக்கு வந்தபோது அவர் மாற்று வீரர் பட்டியலில்தான் இருந்தார். புதன், சனி இரண்டு நாட்கள் மட்டுமே களத்தில் இறங்கலாம். செவ்வாய்க்கிழமை போனவருக்கு வேடிக்கைதான் மிச்சம். ஆனால் அந்தப் புதனும் சனியும் முன்கூட்டியே தெரியும் என்பதைக் கவனியுங்கள். டிக்கெட் எடுப்பவருக்கு அது போதும்.

பிட்சர்கள் விஷயத்தில் மட்டும் அரிசோனாவை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கோடையில் நன்றாக வீசியவர்கள் அந்த ஆண்டுக்கான இன்னிங்ஸ் அளவை ஏற்கெனவே முடித்திருப்பார்கள், அவர்களை அனுப்பமாட்டார்கள். வருகிறவர்களில் காயத்தால் கோடையை இழந்தவர்கள் கணிசம். மூன்று அல்லது நான்கு இன்னிங்ஸில் அவர்களிடமிருந்து பந்தை வாங்கிக்கொள்வார்கள். சர்ப்ரைஸ் சகுவாரோஸ் அணிக்காகக் குமார் ராக்கர் வீசியதைப் பார்த்தபோது ஸ்லைடர் என்னும் பக்கவாட்டில் வளையும் பந்து மட்டையைத் தாண்டிச் சறுக்கி விழுந்த அழகு இன்னும் கண்ணில் நிற்கிறது. கூடவே பந்து கட்டுப்பாட்டுக்கு வராமல் வாக் மேல் வாக் (பேட்டருக்கு இலவசமாக முதல் தளம்) கொடுத்ததும் நினைவில் இருக்கிறது. அவர் 2024 செப்டம்பரில் மேஜர் லீக்குக்கு வந்துவிட்டார். ஆனாலும் பிட்சரை அளக்க விரும்புகிறவர் ஜூலையில் ஏதாவதொரு மைனர் லீக் ஊருக்குப் போவதே நல்லது.

இதிலிருந்து இன்னொன்றும் புரிந்துகொள்ளலாம். சிறந்த பிட்சர்கள் குறைவு, காற்று வறண்டது, பந்து பறக்கும். ஆகவே அரிசோனாவின் பேட்டிங் புள்ளிகளை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2011-ல் ஸ்காட்ஸ்டேல் அணியின் அவுட்ஃபீல்டில் ஹார்ப்பரும் மைக் டிரவுட்டும் சேர்ந்து நின்றார்கள். டிரவுட்டின் சராசரி அங்கே வெறும் .245. அந்த ஆண்டு மேஜர் லீக்கிலும் தலைகாட்டிவிட்டுக் களைத்து வந்திருந்தார். காகிதத்தைப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கியிருப்பார். 2012 முடிவில் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளின் சிறந்த புதுமுக விருதுகளையும் இந்த இருவரே ஆளுக்கொன்றாக வாங்கினார்கள். அதே 2012 பருவத்தில் அரிசோனாவின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கியவரோ மேஜர் லீக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களோடு நின்றுபோனார். மறுபுறம், 2013-ல் கிரிஸ் பிரையன்டும் 2017-ல் 19 வயது ரோனல்ட் அகூன்யாவும் அந்த விருதை வாங்கிவிட்டு அடுத்த சில ஆண்டுகளில் சிறந்த புதுமுகம் ஆனார்கள்.

அதனால் அரிசோனாவுக்குப் போவதென்றால் புள்ளிகளை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டு போகவேண்டும். இருக்கைக்கு எண் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். சில நூறு பேர்தான் வருவார்கள். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், அணிகளுக்காக வீரர்களைத் தேடும் ஸ்கவுட்டுகள் ரேடார் கருவியும் குறிப்பேடுமாக உட்கார்ந்திருப்பார்கள். வலக்கை பேட்டரைப் பார்ப்பதென்றால் முதல் தளத்தின் பக்கம் உட்காருங்கள். அவருடைய மார்பும் கைகளும் உங்களை நோக்கி இருக்கும், மட்டை எங்கிருந்து கிளம்புகிறது, இடுப்பு முந்துகிறதா கை முந்துகிறதா என்று தெளிவாகத் தெரியும். இடக்கைக்காரருக்கு மூன்றாம் தளத்தின் பக்கம். நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு ஸ்ட்ரைக் ஆனபிறகு, இன்னொன்று ஆனால் அவுட் என்ற நிலையில், அந்தப் பையன் என்ன செய்கிறான் என்பதை. வளைந்து தாழ விழும் பந்தை விட்டுவிடுகிறானா, துரத்திப் போகிறானா? முதல் நாள் துரத்தியவன் மூன்றாம் நாள் அதே பந்தை விட்டுவிட்டால் எனக்கு அந்தப் பயணமே ஈடேறியதுபோல இருக்கும். ஒரே பையனை ஒரே வாரத்தில் மூன்று முறை பார்த்தால்தான் இது கண்ணில் படும். கிஸ்கேயாவில் எனக்குக் கிடைக்காததும் இதுதான்.

புதிய விதிகளையும் அரிசோனாவில் ஒத்திகை பார்ப்பதுண்டு. பிட்சர் குறிப்பிட்ட வினாடிகளுக்குள் வீசவேண்டும் என்ற கடிகாரம் 2014-ல் சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸில் ஓடியது, மேஜர் லீக்குக்கு 2023-ல்தான் வந்தது. இயந்திரம் ஸ்ட்ரைக் சொல்லும் முறையை 2019-ல் அதே மைதானத்தில் சோதித்தார்கள். அந்த இயந்திரத்தின் தீர்ப்பை எதிர்த்து வாதாடி ஒரு பேட்டர் வெளியேற்றப்பட்டதும் அந்த அக்டோபரில்தான். அந்த மைதானம் பூர்வகுடிகளான சால்ட் ரிவர் பிமா மாரிகோபா சமூகத்தின் நிலத்தில் கட்டப்பட்டது. மாலையில் கிழக்கே மலைகள் செம்மையேறி நிற்கும். ஆறு மைதானங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு டொமினிகன் லீக்கின் பெருமையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அரிசோனாவில் எவ்வளவு பார்த்தாலும் ஒன்று தெரியவராது: நெருக்கடியில் இந்தப் பையன் எப்படி நிற்பான்? சில நூறு பேர் முன்னால், தோற்றால் யாரும் கவலைப்படாத ஆட்டத்தில் அது எப்படித் தெரியும்? எஸ்ட்ரெயாஸ் ஓரியென்டாலெஸ் அணி 1968-க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டம் வென்றது 2018-19 பருவத்தில். அதில் ஆடிய பெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு அப்போது இருபது வயதுதான். மேலாளர் அவருடைய தந்தை. 2025 ஜனவரியில் லீசேய்க்கு எதிரான இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜூனியர் கமினேரோ அடித்த ஹோம் ரன்தான் எஸ்கோஹீடோவுக்குப் பட்டத்தை வாங்கித் தந்தது. அதை நான் டல்லாஸில் ஒளிபரப்பில் பார்த்தேன். மைதானத்தில் எழுந்த கூச்சலில் வர்ணனையாளர் குரலே கேட்கவில்லை. அரிசோனாவின் மூன்று பருவங்களைச் சேர்த்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது.

ஆனால் டாட்டிஸும் கமினேரோவும் அப்போது தங்கள் டொமினிகன் அணியில் அசைக்கமுடியாத இடம் பிடித்துவிட்டவர்கள். நான் தேடிப் போகிற, இன்னும் பெயர் பெறாத பையன்களுக்கு அந்த இடம் கிடைப்பது அரிது. என் அனுபவம் இரண்டு இரவுகள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அந்நாட்டின் மற்ற ஊர்களான சான்டியாகோவிலோ சான் பெத்ரோவிலோ போய்ப் பார்த்திருந்தால், பட்டியலில் பின்தங்கிய ஓர் அணி இளைஞர்களை இறக்கிவிட்டிருக்கலாம். அக்டோபர் கடைசியில், பெரிய வீரர்கள் வந்து சேர்வதற்கு முன் போனால் கதை வேறாக இருக்கக்கூடும் என்று அங்கே பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். நான் சோதித்துப் பார்த்ததில்லை.

ஆஸ்திரேலிய லீக்கையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அகூன்யா அரிசோனாவுக்கு வருவதற்கு முந்தைய குளிர்காலத்தில் மெல்போர்ன் ஏசஸ் அணிக்கு ஆடினார். கமினேரோ 2022-23 பருவத்தில் பெர்த் ஹீட் அணியில் இருந்தார். மெல்போர்னிலோ பெர்த்திலோ வசிக்கிற தமிழ் வாசகர்கள் விமானம் ஏறும் முன் தங்கள் ஊர் மைதானத்தை ஒருமுறை எட்டிப்பார்ப்பது நல்லது. நான் அங்கே ஓர் ஆட்டமும் நேரில் பார்த்ததில்லை, அதனால் மேலே எதுவும் சொல்லவில்லை.

அரிசோனா என்று முடிவு செய்பவர்களுக்குச் சில குறிப்புகள். அக்டோபர் முதல் வாரம் வேண்டாம், பகலில் வெயில் 38 டிகிரியைத் தொடுவது உண்டு. மாத இறுதியில் போங்கள். சர்ப்ரைஸ் மேற்குக் கோடி, மேசா கிழக்குக் கோடி, இடையே கார் ஓட்டவே ஒரு மணி நேரம் ஆகும். ஒரே நாளில் இரண்டையும் பிடிக்க நினைத்து நான் ஒருமுறை மூன்று இன்னிங்ஸைத் தவறவிட்டேன். நடுவில் எங்காவது தங்கினால் ஆறும் கைக்கெட்டும். எந்த அமைப்பின் பையன்கள் எந்த அணியில் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும், அறை பிடிப்பதற்கு முன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இந்த ஆண்டும் அக்டோபர் கடைசி வாரத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிஸ்கேயாவுக்கு இன்னொரு முறை போவேன். அது ஜனவரியில், இறுதித் தொடருக்கு, பையன் யாரையும் தேடாமல்.