மின்சார சப்பாத்தி மேக்கர்: வாங்கலாமா?

900 வாட், 8 அங்குலத் தட்டு, இரண்டு பக்கமும் நான்ஸ்டிக் பூச்சு. கடைகளில் கிடைக்கும் சப்பாத்தி மேக்கர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. அப்பளம் மாதிரி விறைத்து வருகிறது என்று பலர் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பழி மேக்கர் மேல் விழுந்தாலும், கோளாறு பெரும்பாலும் மாவில்தான்.

கட்டையில் தேய்ப்பதற்குப் பிசையும் மாவு இதற்கு ஆகாது. 250 கிராம் கோதுமை மாவைத் தேய்த்துச் சுட 150 மில்லி தண்ணீர் போதும். மேக்கருக்கு 175 முதல் 185 மில்லி வேண்டும். அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய். கையில் லேசாக ஒட்டும் பதத்தில் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் ஊற விடுங்கள். ஊறாத மாவு அழுத்தும்போது விரியும், மூடியைத் தூக்கியதும் சுருங்கிவிடும். ஃப்ரிட்ஜ் மாவும் அப்படித்தான்; குளிர் விட்டபிறகே உருட்டவும். இந்த அளவில் எலுமிச்சை அளவு உருண்டை பன்னிரண்டு வரும்.

தட்டு நன்றாகச் சூடானதும், உருண்டையை நடுவில் வைக்காமல் கீல் பக்கமாகச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். மூடும்போது மாவு கைப்பிடிப் பக்கம் நகரும். ஒரே அழுத்து, ஒன்றிரண்டு நொடி, உடனே திறந்துவிட வேண்டும். கூடுதலாகப் பிடித்தால் உள்ளே அடைபட்ட நீராவி சப்பாத்தியைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். இரண்டாம் முறை அழுத்துவதும் வீண், மேல்தோல் அதற்குள் வெந்து இறுகியிருக்கும். தொடுமாவு தூவ வேண்டாம், தட்டில் கருகிப் பிடிக்கும்.

இதிலேயே முழுக்கச் சுட்டால் சப்பாத்தி சற்று வறண்டுதான் போகும். அழுத்தி, நிறம் மாறியதும் எடுத்து, பக்கத்தில் காயும் இரும்புக் கல்லில் போட்டுத் திருப்புங்கள். அருமையாக உப்பும், மதியம் வரை மிருதுவாகவும் இருக்கும். தேய்க்கும் வேலையை மிச்சப்படுத்தும் சாதனமாக இதைப் பார்த்தால் கொடுத்த காசுக்கு நியாயம். தோள்வலி, மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஸ்டஃப்டு பராத்தாவுக்கு உதவாது, பூரணம் பிதுங்கிவிடும்.

வாங்கும்போது கடையிலேயே மூடிப் பார்த்து, தட்டுகளுக்கு நடுவே இடைவெளி சுற்றிலும் ஒரே அளவா என்று கவனியுங்கள். கீல் ஆடினால் ஒரு ஓரம் தடித்தே வரும். மூன்று முள் பிளக் அவசியம். கழுவக் கூடாது, ஆறியபின் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.