உப்புவெளியில் ஒரு பழைய லப்டொப்பும் மூன்று வருட லினக்ஸும்

2022 ஆகஸ்டில்தான் இந்த லப்டொப்பில் லினக்ஸ் மின்ட் போட்டேன், விண்டோஸுக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய இலவச இயங்குதளம் அது. மின்ட் 21 அப்போதுதான் வந்திருந்தது, அதில் பழைய கணினிக்கும் பாரமில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. லப்டொப் 2011இல் வாங்கியது: இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹாட் டிஸ்க். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று திருகோணமலை டவுனுக்குப் போனேன்தான். ஆனால் அந்த வருடம் ரூபாய் விழுந்த விழுக்காட்டில், சொன்ன விலையைக் கேட்டுவிட்டு உப்புவெளிக்கே திரும்பி வந்துவிட்டேன். ஓஎல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வினாத்தாள் அடிக்க வேண்டும், சூமில் வகுப்பு எடுக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. விண்டோஸ் 10 திறந்து முடிவதற்குள் தேநீர் போட்டுக் குடித்துவிடலாம் என்ற நிலையில் அது இருந்தது.

மூன்று வருடத்துக்கு மேல் தினமும் பாவித்த பிறகு சொல்கிறேன்: லினக்ஸின் பிழை என்று நான் நினைத்தவற்றில் பெரும்பகுதி, இந்தப் பெட்டியின் வயதும் எங்கள் கடற்காற்றும் செய்த வேலை. இதை முதலே தெரிந்திருந்தால் இரண்டு மாதத் தலையிடி மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. பென் டிரைவில் ஏற்றி, பெட்டி எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பயோஸில் அதை முதலாவதாக வைத்து, விண்டோஸுக்கு 100 ஜிபியை விட்டுவிட்டு மீதியில் போட்டேன். விண்டோஸை விட்டது பிரிண்டருக்காக, அந்தப் பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓட வைக்க இன்றுவரை என்னால் முடியவில்லை. வைஃபையும் முதல் நாள் வேலை செய்யவில்லை, உள்ளே இருக்கும் சிப்பை இயக்கத் தனி மென்பொருள், அதாவது டிரைவர், வேண்டும், அதை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். இப்படி மாட்டிக்கொண்டால் போனை யூஎஸ்பி வயரில் கொழுவி, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸுக்கு அது சாதாரண வயர் இணைப்பாகத்தான் தெரியும், எந்த டிரைவரும் கேட்காது. பிறகு டிரைவர் மனேஜரைத் திறந்து அது காட்டுவதைத் தெரிவு செய்து மறுதொடக்கம் செய்தால் சரி.

அடுத்தது மணிக்கூடு. பின்னேரம் நாலு மணிக்குத் திரையில் இரவு ஒன்பதரை என்று காட்டும். மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்து, டொக்யார்ட் வீதியில் ஒரு சிஆர் 2032 வாங்கிவந்து மாற்றினேன், அப்படியும் அதே கதை. இங்கே மட்டும் பெட்டியில் பிழை இல்லை. விண்டோஸ் உள்ளூர் நேரத்தைப் பெட்டியின் மணிக்கூட்டில் எழுதிவைக்கிறது, லினக்ஸ் அதைச் சர்வதேச நேரம் என்று எடுத்துக்கொண்டு நம் ஐந்தரை மணித்தியாலத்தை மேலே கூட்டுகிறது. இணையம் வந்ததும் தானாகத் திருந்தும், ஆனால் கரண்ட் இல்லாமல் ரவுட்டரும் நின்றிருந்த அந்த நாட்களில் இணையம் எங்கே வந்தது? டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்ற ஒரு வரி கொடுத்தேன், பிறகு அந்தத் தொல்லை இல்லை.

உண்மையாக என்னை அழ வைத்தது 2023 மே, ஜூனில் வந்த உறைவு. கச்சான் காற்று அடிக்கும் காலம். வகுப்பு நடக்கும், திடீரென்று அம்புக்குறி அப்படியே நிற்கும், கடைசியாகச் சொன்ன சொல்லின் பாதி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கும், பிறகு பவர் பட்டனை அமுக்கிப் பிடிப்பதைத் தவிர வழி இல்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் வேறு திரைக்குப் போக வேண்டும், அதுவும் போகவில்லை. பெட்டி தொடங்கும்போது எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் பட்டியலில், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய பதிப்பைத் தெரிவு செய்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவழித்து மின்டைத் திரும்ப நிறுவினேன். ஒன்றும் சரிவரவில்லை. என்னிடம் முன்பு படித்து, இப்போது ஏஎல்லுக்கு ஐசிடி எடுக்கும் பிள்ளை ஒருவன்தான் கேட்டான், “சேர், விண்டோஸிலயும் இப்பிடி நிக்குதா?” என்று. நான் விண்டோஸுக்குப் போவதே அச்செடுக்கப் பத்து நிமிடம்தான், தெரியாது. அடுத்த நாள் முழுக்க விண்டோஸிலேயே வேலை செய்தேன். மத்தியானத்துக்கு முன் நீலத்திரை வந்தது.

அன்றிரவு கிரப் பட்டியலில் இருந்த, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டை ஓடவிட்டேன். சில நிமிடத்தில் சிவப்பு வரிகள் வரிசையாக இறங்கத் தொடங்கின. அடிமூடியைக் கழற்றினால் 2 ஜிபி ராம் துண்டுகள் இரண்டு. மேலே இருந்தது சுத்தம். கீழே இருந்ததன் பொன்நிறப் பற்களில் மெல்லிய பச்சைப் படலம், ஓர் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். எங்கள் வீட்டில் ஜன்னல் பிணைச்சலுக்கே வருடத்துக்கு ஒரு தடவை துரு எடுக்கிறோம், வீட்டிலிருந்து கடல் அவ்வளவு கிட்ட. ஊர்ப் பெயரிலேயே உப்பு இருந்தும் எனக்கு இது தோன்றவில்லை. பேட்டரியையும் வயரையும் கழற்றிவிட்டு, பிள்ளைகளின் அழிறப்பரால் பற்களை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, கிளிக் என்று சத்தம் வரும்வரை அமுக்கிப் பூட்டினேன். மெம்டெஸ்ட் விடியும்வரை ஓடியது, ஒரு சிவப்பு வரி இல்லை. அதன்பின் அந்த உறைவு வரவேயில்லை. இப்போது மாரி முடிந்ததும் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்கிறேன்.

அதே வருடம் டிசம்பரில் வேறு ஒன்று. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை போன மின்வெட்டுக் காலம் முடிந்திருந்தாலும், வாடைக்காற்றும் மழையும் சேர்ந்தால் கரண்ட் போவது இங்கே வழமை. லப்டொப் பேட்டரி அதற்குள் செத்துவிட்டது, ஆகவே கரண்ட் போன நொடியே பெட்டியும் போகும். ஒரு நாள் திரும்பப் போட்டால் மின்ட் வரவில்லை, கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு சொல்லும் துடிக்கும் கோடும் மட்டும். எல்லாம் போய்விட்டது என்று நெஞ்சு பதறியது. போகவில்லை. அந்தத் திரையிலேயே மேலே எந்தப் பகுதியில் பிழை என்று பெயர் இருக்கும். எஃப்எஸ்சிகே என்று அடித்து, அந்தப் பெயரைக் கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் ஆம் என்று சொல்ல ஒரு ஹைபனும் வை (y) என்ற ஆங்கில எழுத்தும் சேர்த்தால் அது தானே திருத்திக்கொள்ளும். முடிந்ததும் எக்ஸிட்.

ஒரு தடவை வந்தால் கரண்டைக் குறை சொல்லலாம். ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்தபோது, மெனுவில் இருக்கும் டிஸ்க்ஸ் மென்பொருளைத் திறந்து டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தரவைப் பார்த்தேன், பழுதாகி இடம் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருந்தது. அன்றே கோப்புகளைப் படியெடுத்தேன். அந்த ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். செய்த செலவுகளில் இதைப்போலப் பலன் தந்தது வேறில்லை. ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்த தொடக்கம் அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் எந்த லினக்ஸ் நல்லது என்று தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் லினக்ஸுக்குப் பலர் தயங்குவது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்காகத்தான். என்னுடைய பத்து வருட வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் அடித்தவை. மின்டில் திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தன. எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கி நிறுவியதும் லிப்ரே ஆபிஸில் பழையபடி வந்துவிட்டன, படங்கள் மட்டும் சில இடத்தில் அடுத்த பக்கத்துக்கு ஓடின. புதிதாக எழுதுவதை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டேன். லினக்ஸில் பிறமொழி தட்டச்சுக்கு உதவும் ஐபஸ்ஸுடன் எம்17என் தொகுதியைப் போட்டால் ரெங்கநாதன் விசைப்பலகை கிடைக்கும், பாமினி பழகிய விரலுக்கு அது அந்நியமாக இல்லை. ஒரு கிழமையில் கை பழகிவிட்டது.

ராமைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 4 ஜிபியில் சூம், லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸில் நாலைந்து தாவல் வரை தாங்கும், அதற்கு மேல் திறந்தால் இழுக்கும். அச்செடுக்க இப்போது விண்டோஸுக்கும் போவதில்லை, பிடிஎஃப் ஆக்கி அனுராதபுரச் சந்தியில் ஒரு கடைக்கு அனுப்பிவிடுகிறேன், வகுப்புக்குப் போகும் வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

மின்ட் 21க்கு 2027 ஏப்ரல்வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். இடையில் 21.1, 21.2, 21.3 என்று அப்டேட் மனேஜரிலேயே ஏறிவிட்டேன், ஒவ்வொன்றுக்கும் முன் டைம்ஷிஃப்டில் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு. 22ஐப் பென் டிரைவில் மட்டும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன், வைஃபை தவிர எல்லாம் எழும்பியது. ஏப்ரல் விடுமுறையில் மாற்றுவதாக எண்ணம், போன் வயரைக் கையில் வைத்துக்கொண்டு.